386 செயலியும் 287 துணைச் செயலியும்: பொருந்துதல் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

1985 அக்டோபரில் இன்டெல் 80386 செயலியை அறிவித்தபோது, அதற்கென்று ஒரு கணிதத் துணைச் செயலி தயாராக இல்லை. 80387 சில்லு கைக்கு வர 1987 ஆனது. இடைப்பட்ட காலத்தில் 386 கணினி வாங்கிய பொறியாளர்களுக்கும் வரைபடம் தயாரிப்பவர்களுக்கும் மிதவைப் புள்ளிக் கணக்கு வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது 80287. அது முந்தைய தலைமுறையான 80286க்காகச் செய்யப்பட்டது. அதன் உள்ளே கணக்குப் போட்ட பகுதியோ அதற்கும் முந்தைய 8087இன் வழிவந்தது. 32 பிட் செயலி ஒன்று, தன்னைவிட இரண்டு தலைமுறை மூத்த கணக்கு எந்திரத்தோடு குடித்தனம் நடத்த வேண்டிய நிலை.

பழைய துணைச் செயலியைப் புதிய செயலியோடு சேர்க்கலாமா என்ற கேள்விக்குப் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. சேரும் என்றவர்கள் உண்டு. சேரும், ஆனால் காசுக்கேற்ற பலன் இல்லை என்றவர்கள் உண்டு. சேர்த்தால் விடையே மாறக்கூடும் என்று எச்சரித்தவர்களும், இப்படிச் சேர்க்க நேர்வதே வடிவமைப்பின் குறை என்றவர்களும் உண்டு. இவை ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். 'பொருந்துதல்' என்ற ஒரே சொல் மின்னிணைப்பையும் வேகத்தையும் எண்களின் பொருளையும் சேர்த்துச் சுமக்கிறது. இவற்றில் மூன்றாவதற்கே குறைந்த கவனம் கிடைத்தது. அதுவே அதிக எடை பெறத்தக்கது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

ஒட்டுக்கேட்ட சில்லு

1980இல் அறிவிக்கப்பட்ட 8087இலிருந்து தொடங்க வேண்டும். ஜான் பாமரும் புரூஸ் ராவெனலும் அதன் கட்டமைப்பை வகுத்தார்கள். இஸ்ரேலில் ரஃபி நாவே தலைமையிலான குழு அதைச் சில்லாக்கியது. ஆலோசகராக இருந்தவர் கணிதவியலர் வில்லியம் கஹான். கணினிக்குக் கணினி மிதவைப் புள்ளிக் கணக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்த முயற்சி 1985இல் ஐஇஇஇ 754 தரமாக நிலைபெற்றது. 1989இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தது. 8087 அந்தத் தரத்தின் வரைவை ஒட்டி வந்த சில்லு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தரம் இறுதியாவதற்குள் சில்லு சந்தைக்கு வந்துவிட்டது.

அதன் பயன் கண்கூடு. 5 மெகாஹெர்ட்ஸில் ஒரு வகுத்தலுக்கு 8087 ஏறத்தாழ 39 மைக்ரோவிநாடி எடுக்கும் என்றும், அதே வேலையை 8086 மென்பொருளால் செய்ய 3200 மைக்ரோவிநாடி ஆகும் என்றும் இன்டெல் தன் தரவுத்தாளில் காட்டியது. வர்க்கமூலத்துக்கு 36க்கு எதிராக 19,600. உற்பத்தியாளரின் கணக்கு என்பதால் சற்றுக் கழித்துப் பார்த்தாலும், இடைவெளி பெரியது.

8087 தன் செயலியோடு பிணைந்திருந்த விதம் அலாதியானது. செயலி நினைவகத்திலிருந்து ஆணைகளை எடுக்கும்போது, இது அதே பஸ்ஸை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும். 11011 என்ற ஐந்து பிட்டுகளில் தொடங்கும் ஆணை வந்தால் அது தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். செயலியின் ஆணை வரிசையில் எது எப்போது உள்ளே போகிறது, எது வெளியேறுகிறது என்பதைத் தனிக் கம்பிகள் வழியே அறிந்து, தன்னுள் அதே வரிசையின் நிழலை வைத்துக்கொள்ளும். இத்தகைய பிணைப்பு 8086, 8088 குடும்பத்தோடு மட்டுமே சாத்தியம். 386க்கு அருகில் 8087ஐ வைத்தால், அது ஒட்டுக்கேட்க எதுவும் இருக்காது. ஆகவே 'பழையது' என்று பொதுவாகச் சொல்வது போதாது. எந்தப் பழையது என்று கேட்டாக வேண்டும்.

கம்பிகள் சேர்ந்தால் போதுமா?

முதல் நிலைப்பாடு வன்பொருள் வடிவமைப்பாளர்களுடையது. சமிக்ஞைகள் ஒத்துப்போனால் பொருந்தியது என்று கொள்ளலாம் என்பது அது. இந்தப் பார்வைக்கு இடம் தந்தது 80287இல் வந்த மாற்றம். 286இல் பாதுகாப்பு முறை அறிமுகமானதால், நினைவகத்தில் யார் எங்கே தொடலாம் என்பதைச் செயலியே சரிபார்க்க வேண்டியதாயிற்று. துணைச் செயலி தானாகப் போய் நினைவகத்தைத் தொட இனி அனுமதிக்க முடியாது. எனவே 287 ஒட்டுக்கேட்பதைக் கைவிட்டது. செயலியே எண்களை எடுத்து, 248 முதல் 255 வரை ஒதுக்கப்பட்ட உள்ளீட்டு வெளியீட்டு முகவரிகள் வழியாக அதனிடம் கொடுத்து வாங்கியது. பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாட்டின் பக்கவிளைவாக, இரு சில்லுகளும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடும் சுதந்திரம் பெற்றன. பிணைப்பு தளர்ந்ததால்தான் அடுத்த தலைமுறைச் செயலியோடு 287 சேர முடிந்தது.

இன்டெல் இதை எதிர்பார்த்தே 386ஐ வடிவமைத்தது. மீட்டமைப்பு முடிந்த கணத்தில் 386 தன் பிழைச் சமிக்ஞைக் கம்பியைப் பார்க்கும். அது தாழ்நிலையில் இருந்தால் 387 இருக்கிறது என்று பொருள். உயர்நிலையில் இருந்தால் 287 இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அந்த முடிவு சிஆர்0 என்ற கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் ஈடி பிட்டில் பதிவாகும். 387 என்றால் 32 பிட் அகலத்தில் பேசும். இல்லையென்றால் 16 பிட். முகவரியின் மிக உயர்ந்த பிட்டை 1 ஆக்கி அனுப்புவதால், துணைச் செயலியோடான பேச்சு மற்ற சாதனங்களின் முகவரிகளோடு மோதாது. 386இன் வன்பொருள் கையேடு 287, 387 இரண்டையும் இணைக்கும் முறைகளை விளக்கியது. 1986இல் வந்த காம்பாக் டெஸ்க்ப்ரோ 386, 287க்கான சாக்கெட்டோடுதான் வந்தது. இந்த இணைப்பை ஒட்டுவேலை என்று சிலர் பேசுவதுண்டு. அது நியாயமாகப் படவில்லை. வழி முன்கூட்டியே வெட்டி வைக்கப்பட்டிருந்தது.

ஆனாலும் இந்த நிலைப்பாட்டுக்குப் பலவீனங்கள் உண்டு. வேகமான 386 அடுத்தடுத்து அனுப்புவதை 287ஆல் வாங்க முடியாது. இடையில் காத்திருப்புச் சுழற்சிகளைச் செருகும் தர்க்கம் பலகையில் வேண்டும். 287 நாற்பது கால் சில்லு, 387 அறுபத்தெட்டுக் கால் சில்லு. பின்னால் மாற்ற நினைப்பவருக்கு ஒரே சாக்கெட் உதவாது. சில பலகைகள் இரண்டு சாக்கெட்டையும் வைத்துச் சமாளித்தன.

பிழை அறிவிப்பில் வேறொரு சிக்கல். இன்டெல் வகுத்தபடி துணைச் செயலியின் பிழை, செயலியின் 16ஆம் எண் விதிவிலக்காக வர வேண்டும். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினி அதை 13ஆம் எண் குறுக்கீட்டுக் கம்பியில் திருப்பிவிட்டது. முதல் ஐபிஎம் பிசியில் 8087இன் பிழை வந்த வழியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையாமல் இருக்க அது உதவியது. அடுத்து வந்த 386 கணினிகளும் ஏடியின் வழியையே பின்பற்றின. மின்னிணைப்பை இன்டெலின் ஏடு மட்டும் தீர்மானிக்கவில்லை. பலகையைச் செய்தவரும் தீர்மானித்தார்.

வேகத்தின் கணக்கு

இரண்டாவது நிலைப்பாடு வாங்குபவருடையது: சேர்வதால் எவ்வளவு வேகம்? இங்கே வரலாறு ஒரு சங்கடத்தோடு தொடங்குகிறது. ஏடி கணினியில் 286 செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 287 தனக்கு வரும் 12 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை மூன்றால் வகுத்து 4 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பழைய பிசியில் 8087 ஓடியதோ 4.77 மெகாஹெர்ட்ஸில். இரண்டின் கணக்குப் பகுதியும் ஏறத்தாழ ஒன்று. ஒரு வகுத்தலுக்கு இரண்டுக்குமே 200ஐ ஒட்டிய துடிப்புகள். அப்படியானால் புதிய ஏடியில் ஒரு வகுத்தலுக்கு 50 மைக்ரோவிநாடி, பழைய பிசியில் 42க்கு அருகில். எண்களைச் செயலி சுமந்து கொடுக்கும் நேரம் இதற்கு மேல். புதிய கணினி வாங்கியவருக்குத் துணைச் செயலியில் மட்டும் பின்னடைவு.

16 மெகாஹெர்ட்ஸ் 386க்கு வருவோம். அதனோடு 8 மெகாஹெர்ட்ஸ் 287 இருந்தால் வகுத்தலுக்குச் சுமார் 25 மைக்ரோவிநாடி. அதே கடிகாரத்தில் ஓடும் 387க்கு 90 துடிப்புகள், அதாவது 6க்கும் குறைவு. வர்க்கமூலத்தில் 287க்கு 180 முதல் 186 துடிப்புகள், 387க்கு 122 முதல் 129. கடிகார வேறுபாட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. 64 பிட் எண் ஒன்றைக் கைமாற்ற 387க்கு இரண்டு நடை, 287க்கு நான்கு. எனவே 387 மூன்று முதல் ஐந்து மடங்கு வேகம் என்று பேசப்பட்டதற்கு அடிப்படை உண்டு.

இந்த மடங்கை அப்படியே நிரலின் வேகமாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது. ஒரு நிரல் 287 கணினியில் தன் நேரத்தில் 60 விழுக்காட்டை மிதவைப் புள்ளிக் கணக்கில் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதி நான்கு மடங்கு வேகமானால் 60 என்பது 15 ஆகும். மீதி 40 அப்படியே நிற்கும். மொத்தம் 55, அதாவது 1.8 மடங்குதான். கணக்கின் பங்கு 20 விழுக்காடு என்றால் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஒருவர் 287 போதும் என்றும், இன்னொருவர் தாங்க முடியவில்லை என்றும் சொன்னதை இந்தப் பங்கு வேறுபாடே பெரிதும் விளக்கிவிடக்கூடும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 287 இல்லாவிட்டால் 386 மென்பொருளால் கணக்கிடும். 386, 8086ஐவிடப் பல மடங்கு விரைவு. பத்து மடங்கு என்றே கொண்டாலும் இன்டெலின் 3200 மைக்ரோவிநாடி 320 ஆகிறது. 287இன் 25 அப்போதும் மிகக் குறைவு. ஆனால் எல்லா மென்பொருளும் அதே கணக்கைப் போடவில்லை. டர்போ பாஸ்கல் துணைச் செயலி இல்லாத கணினிகளுக்காகத் தனக்கென்று ஆறு பைட் எண் வடிவம் ஒன்றை வைத்திருந்தது. குறைந்த துல்லியத்தில் விரைவாக ஓடும் அதையும் 80 பிட் உட்கணக்கையும் ஒரே தராசில் வைத்து 'இத்தனை மடங்கு' என்பது முறையான ஒப்பீடு ஆகாது.

கடிகாரம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 387ஐயும் செயலியிலிருந்து வேறுபட்ட துடிப்பில் ஓட்டலாம். விகிதம் 10:16க்கும் 14:10க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப்படி 25 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு உள்ளே அடங்குகிறது, 33க்கு அடங்காது. இதைப் பார்த்துப் பழைய 16 மெகாஹெர்ட்ஸ் சில்லை 25இல் செருகலாம் என்று முடிவுகட்டக் கூடாது. சில்லின் பஸ் பகுதி எப்போதும் செயலியின் துடிப்பிலேயே ஓடும். அந்தப் பகுதியும் அவ்வேகத்தைத் தாங்கியாக வேண்டும்.

ஒரே நிரல், இரு விடை

மூன்றாவது நிலைப்பாட்டை எழுப்பியவர்கள் எண்கணித நூலகம் எழுதுபவர்களும் தொகுப்பி எழுதுபவர்களும். துணைச் செயலியின் வேலை விரைவதோடு முடியவில்லை. எண் என்றால் என்ன என்பதையும் அதுவே வரையறுக்கிறது. 287ஐயும் 387ஐயும் பிரிக்கும் கோடு இங்கே ஆழமாக ஓடுகிறது, ஏனெனில் இடையில் 1985இல் தரம் இறுதியாகிவிட்டது.

முடிவிலியை எடுத்துக்கொள்வோம். 8087, 287 இரண்டும் இரண்டு விதமான முடிவிலியை ஏற்றன. ஒன்றில் நேர் முடிவிலியும் எதிர் முடிவிலியும் எண்கோட்டின் இரு முனைகள். மற்றதில் கோடு வட்டமாக வளைந்து இரண்டும் ஒரே புள்ளியில் சேரும். சில்லைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தால் இந்த இரண்டாவதுதான் இயல்பாக அமையும். இறுதித் தரம் வளைந்த கோட்டைக் கைவிட்டது. 387 அதைப் பின்பற்றியது. இதனால் நேர் முடிவிலியும் எதிர் முடிவிலியும் சமமா என்று கேட்டால் 287 ஆம் என்கிறது, 387 இல்லை என்கிறது. எந்தச் சில்லு இருக்கிறது என்று நிரல்கள் கண்டுபிடிக்க இன்டெல் பரிந்துரைத்த சோதனையே இதுதான். ஒரு வன்பொருளின் அடையாளத்தை அறிய, கணித மெய்யியலில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது!

முக்கோணவியல் சார்புகளில் வேறுபாடு நடைமுறையை நேரடியாகத் தொடுகிறது. 287இல் சைன், கோசைன் ஆணைகள் இல்லை. டேஞ்சென்ட் ஆணை உண்டு. ஆனால் கோணம் 0க்கும் பை/4க்கும் இடையில் இருக்க வேண்டும். நிரலாளர் முதலில் கோணத்தை அந்த எல்லைக்குள் சுருக்கி, பிறகு பாதிக் கோண வாய்பாட்டால் சைனைப் பெற வேண்டும். 387 சைன், கோசைன் இரண்டையும் நேரடியாகத் தந்தது; டேஞ்சென்டில் 2இன் 63ஆம் அடுக்கு வரையிலான கோணத்தை ஏற்றது. 287 டேஞ்சென்டை இரு எண்களின் விகிதமாகத் தரும். 387இல் வகுக்கும் எண் எப்போதும் 1. ஆகவே 287க்காக எழுதியது 387இல் சரியாக ஓடும். 387இல் பழகியவர் அந்த 1ஐ நம்பி எழுதினால் 287இல் விடை பிழைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது; தவறான எண் ஒன்று அமைதியாக வெளியே வரும். இரண்டின் அடுக்கைக் கணிக்கும் ஆணையிலும் இப்படித்தான்: 287 ஏற்பது 0 முதல் 0.5 வரை, 387 ஏற்பது -1 முதல் 1 வரை.

பழையதிலிருந்து புதியதற்குப் போகும் வழி திறந்திருக்க, திரும்பி வரும் வழி அடைபட்டிருப்பதே இங்குள்ள அமைப்பு. புதிய செயலியோடு பழைய துணைச் செயலியை வைப்பவர் திரும்பி வரும் வழியில் நிற்கிறார். 386 என்று கண்டதும் 387 இருக்கும் என்று கருதிக்கொண்ட நிரல் எதுவும் அவரிடம் தடுமாறலாம். கவனமாக எழுதப்பட்ட நூலகங்கள் முடிவிலிச் சோதனையைச் செய்துவிட்டு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தன. அவ்வளவு கவனத்தை எல்லா நிரலிலும் எதிர்பார்க்க முடியாது.

இந்த நிலைப்பாட்டிலும் மிகைப்படுத்தல் நுழையலாம். கூட்டல், பெருக்கல் போன்ற அன்றாடக் கணக்குகளில், சாதாரண எண்களுக்கு, இரண்டு சில்லும் மாறுபட்ட விடை தரக் காரணம் குறைவு. வேறுபாடுகள் ஓரங்களில் இருக்கின்றன. ஓரங்களைத் தொடாத நிரலுக்கு 287 நம்பத்தக்க துணையே.

பிற்பாடு இன்டெல் 387இன் கணக்குக் கருவை 287இன் கால்களோடு வைத்து 287எக்ஸ்எல் என்ற சில்லை வெளியிட்டது. பஸ்ஸின் பார்வையில் அது 287. எண்களின் பார்வையில் 387. பொருந்துதலின் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வேறு இடங்களில் எடுத்த முடிவுகள்

மோட்டோரோலா இதே கேள்வியை முன்கூட்டியே எதிர்கொண்டது. 68020க்காக வந்த 68881 துணைச் செயலி, வரையறுத்த சில பதிவகங்கள் வழியாகச் செயலியோடு கேள்வி பதில் முறையில் பேசியது. கடிகாரங்கள் தனித்தனி. உரையாடலின் விதி நிலையானது என்பதால் அடுத்து வந்த 68030 அதே 68881ஐ ஏற்றது. பழைய 68000 கூட மென்பொருள் உதவியோடு அதை ஒரு புறச்சாதனம்போல் பயன்படுத்தலாம். 68020இன் மேகின்டாஷ் II 68881ஓடும், 68030இன் மேகின்டாஷ் IIஎக்ஸ் அதன் வாரிசான 68882ஓடும் வந்தன. தலைமுறை தாண்டும் இணைப்பு என்ற அளவில் இது இன்டெலின் வழியைவிட ஒழுங்கானது என்றே தோன்றுகிறது. விலையும் உண்டு: ஒவ்வொரு ஆணைக்கும் அந்த உரையாடல் நேரத்தைத் தின்றது. ஒரு கணக்கு முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கி அந்த நேரத்தை மறைக்க முயன்றது 68882.

வெய்டெக் நிறுவனம் 387ஓடான ஒப்புமையையே கைவிட்டு, நினைவக முகவரிகள் வழியாகப் பேசும் தனிச் சில்லுகளை 386க்குத் தந்தது. விரைவு மிகுதி, ஆனால் அதற்கென்றே எழுதிய நிரல் வேண்டும்.

1989இல் 486டிஎக்ஸ் துணைச் செயலியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. சேர்க்கும் தேவையே குறை என்ற நான்காவது நிலைப்பாட்டுக்கு அது வெற்றி. ஆனால் முழு வெற்றி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 1991இல் 486எஸ்எக்ஸ் மிதவைப் புள்ளி வசதி இல்லாமல் விற்கப்பட்டது; அதற்குத் துணை என்ற பெயரில் வந்த 487எஸ்எக்ஸ் உண்மையில் ஒரு முழு 486. செருகியதும் அது பழைய செயலியை ஓரங்கட்டிவிட்டு எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. 1992இல் சைரிக்ஸ் 486டிஎல்சி 386இன் சாக்கெட்டில் அமர்ந்து, 387ஐத் துணைக்கு அழைத்தது. புதிய செயலி, பழைய துணை என்ற ஜோடி மறுபடி. மோட்டோரோலாவின் 68040 மிதவைப் புள்ளியை உள்ளே கொண்டுவந்தபோது சைன், கோசைன் போன்றவற்றை வன்பொருளிலிருந்து நீக்கி மென்பொருளிடம் விட்டது. ஒரே சில்லுக்குள் வைப்பதால் எண்களின் பொருத்தம் தானாக அமைந்துவிடாது என்பதற்கு அது ஒரு சாட்சி.

தீராமல் நிற்பவை

1985 முதல் 1987 வரையிலான இடைவெளியில் 386ஓடு 287ஐச் சேர்த்தது, கணக்கு மிகுந்த வேலை செய்தவர்களுக்குச் சரியான முடிவாகவே இருந்திருக்கும். மென்பொருளால் கணக்கிடுவதைவிட அது வெகுவாக மேல். 387 வந்த பிறகு அதே இணைப்பைப் புதிதாக வாங்கியதற்கு விலை தவிர வேறு நியாயம் காண்பது கடினம். இவ்வளவைக் கையேட்டு எண்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

ஓர வேறுபாடுகளால் எத்தனை கணக்குகள் உண்மையில் பிழைத்தன என்பதை அப்படிச் சொல்லிவிட முடியாது. வேறுபாடு பிழையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு எண்ணாக வெளிவந்ததால், அது தடயம் விட்டிருக்கும் வாய்ப்பு குறைவு. வேகத்தை அளந்தவர்களைவிட விடைகளை அளந்தவர்கள் குறைவாக இருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

அடுத்த கேள்வி, தற்காலிக ஏற்பாட்டின் நீண்டகாலச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பது. 287ஐ அடையாளம் காண வைத்த ஈடி பிட், பிந்தைய இன்டெல் செயலிகளில் எப்போதும் 1 ஆகப் பொறிக்கப்பட்டு, வேலையின்றி இன்றும் இருக்கிறது. ஏடி கணினி திருப்பிவிட்ட பிழைக் கம்பிக்காக 486இல் தனிக் கால்களும் தனிப் பிட்டும் ஒதுக்க நேர்ந்தது. இவை சிறு சுமைகள்.

286இல் வந்த இன்னொரு பிட்டின் கதை அப்படியில்லை. ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்கு மாறும்போது துணைச் செயலியின் பதிவகங்களை உடனே சேமிக்காமல், அடுத்த பணி அதைத் தொடும்வரை ஒத்திப்போட அது உதவியது. 287இலிருந்து எண்களைப் பதினாறு பதினாறு பிட்டாக இழுக்க வேண்டியிருந்த காலத்தில் அது நல்ல சிக்கனம். இயக்க முறைமைகள் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. 2018 ஜூனில், இன்டெலின் கோர் வரிசைச் செயலிகளில் இந்த ஒத்திப்போடல் வழியாக ஒரு பணியின் பதிவகங்களை இன்னொரு பணி ஊகித்துப் படிக்க முடியும் என்று தெரியவந்தது. அந்தப் பதிவகங்களில் மறையாக்கத் திறவுகோல்களும் இருக்கக்கூடும். இயக்க முறைமைகள் ஒத்திப்போடுவதைக் கைவிட்டு, ஒவ்வொரு மாற்றத்திலும் உடனே சேமிக்கும் முறைக்குத் திரும்பின. இதைத் தனிச் சில்லு இருந்த காலத்தின் கணக்கில் எழுதுவதா, முப்பத்தைந்து ஆண்டுகள் மறுபரிசீலனை செய்யாத பின்னவர்களின் கணக்கில் எழுதுவதா என்பதில் இரு பக்கமும் வாதம் உண்டு.

பழைய கணினிகளை மென்பொருளில் மறுபடைப்பவர்களிடம் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு 386 கணினியை எழுதும்போது, 1986இன் கணினியா, 1988இன் கணினியா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். நேர் முடிவிலியும் எதிர் முடிவிலியும் சமமா என்று உள்ளே ஓடும் ஒரு பழைய நிரல் கேட்கும்போது தரவேண்டிய விடை அதைப் பொறுத்தது.